மேசைக்கு அப்பால் அமர்பவர் யார்?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ சொந்த வீடு வைத்திருக்கும் அன்பர்கள், தங்கள் வீட்டு வரி ரசீதை ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்களாக. செலுத்தும் சொத்து வரியில் பத்து விழுக்காடு நூலக வரியாகப் போகின்றது. வாடகை வீட்டில் வாழ்வோரும் வாடகையின் வழியே அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே நம் ஊர்க் கிளை நூலகம் எவரோ தருமத்துக்குக் கட்டிவைத்த சத்திரம் அன்று. நம் காசில் நடைபெறும், நமக்கு உரிமையான இல்லம்.

மாலை வேளையில் அந்த இல்லத்தினுள் நுழைந்து பாருங்கள். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்த தொழிலாளி நாளிதழை விரித்து வைத்திருப்பார். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணொருத்தி குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள். படைத்துறைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். இவர்களில் யார் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று எவரும் கேட்பதில்லை. இதனைச் சிறிய காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளும், தடுத்தோரின் பேரப்பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்ற இடங்கள் நம் நாட்டில் எத்தனை உண்டு?

ஆயினும் இக்கட்டுரை, மேசைக்கு இப்பால் அமர்ந்து படிப்பவரைப் பற்றியதன்று. அப்பால் அமர்ந்து நூலைப் பதிந்து கொடுக்கின்றாரே, அவரைப் பற்றியது. நூலகத்தின் கதவு எல்லார்க்கும் திறந்துவிட்டது. அந்த நாற்காலி எல்லார்க்கும் எட்டுகின்றதா?

அலமாரிக்கும் ஒரு மனம் உண்டு

“புத்தகத்தை எடுத்துத் தருபவர் யாராயிருந்தால் என்ன? புத்தகம் அதே புத்தகந்தானே?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நூலகரின் வேலை எடுத்துத் தருவதோடு முடிவதில்லை. எந்த நூலை வாங்கவேண்டும் என்று பரிந்துரைப்பவரும், வந்த நூலை எங்கே வைப்பது, எதைக் கண்ணில் படும்படி அடுக்குவது என்று முடிவு செய்பவரும், முதன்முறையாகத் தயங்கித் தயங்கி உள்ளே வரும் சிறுவனை “வா தம்பி” என்று அழைப்பவரும் அவரே.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். உலகின் மிகப் பல நூலகங்களில் இன்றும் வழங்கிவரும் பகுப்பு முறையை 1876ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்கரான மெல்வில் டூயி. அம்முறையில் சமய நூல்களுக்கு 200 என்னும் வகுப்பு உரியது. அதனுள் 220 முதல் 280 வரையுள்ள ஏழு பிரிவுகள் விவிலியத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஒதுக்கப்பட்டன. இந்து, பௌத்தம், இஸ்லாம், யூதம் ஆகிய ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்ற ஒரே பிரிவுக்குள் நெருக்கி அமர்த்தப்பட்டன. நம் சமயத்துக்கு இத்துணை விசாலமான இடம் கிடைத்ததே என்று நாம் மகிழலாம். ஆனால் அது எதனால் கிடைத்தது? வகுத்தவர் கிறிஸ்தவ நாட்டில் பிறந்தவர். அவர் கண்ட உலகம் அத்தகையது.

இதே டூயி நடத்திய தனியார் மனமகிழ் மன்றத்தில் யூதரைச் சேர்ப்பதில்லை என்று விதி இருந்தது. அதனை எதிர்த்து எழுந்த முறையீட்டின் விளைவாக 1905ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் மாநில நூலகர் பதவியைத் துறக்க நேர்ந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் தான் வழங்கிவந்த பதக்கத்திலிருந்து அவர் பெயரை 2019ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது.

நம் நாட்டு நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் பௌத்தம், சமணம், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அதிலும் முதலிரண்டு எண்கள் வேத சமயத்துக்கும் பிற்கால இந்து சமயத்துக்குமே அளிக்கப்பட்டன. எவர் வகுத்தாலும் அவரவர் ஊர் மண்ணின் வாசனை அலமாரியில் வீசத்தான் செய்யும். எனவே, பல ஊர் மண்ணிலிருந்து வந்தவர்கள் கூடி அமர்ந்து வகுப்பதே நியாயத்துக்கு வழி.

கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த பாமா எழுதிய ‘கருக்கு’ 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தகைய வாழ்க்கையை அறிந்த நூலகர், அந்நூலை அலமாரியின் அடித்தட்டில் உறங்கவிடுவாரா? அதைத் தேடி வரத் தெரியாத பெண்ணின் கையில் தாமே எடுத்துக் கொடுப்பார் அன்றோ?

சுவடி காத்தவரும் நாற்காலி பெற்றவரும்

நூலைக் காத்துக் கொடுத்த புண்ணியம் ஒரு சாதிக்கே உரியது அன்று. திருக்குறள் முதலிய நூல்களின் ஓலைச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வீட்டில் சமையற் பணிபுரிந்த அந்த மனிதரின் குடும்பம் சுவடியைப் போற்றி வைத்திருந்தது. ஆனால் சென்னையில் நூலகப் பதவி என்று ஒன்று உண்டானபோது, அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் அதன் அருகில்கூட வர இயலவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924ஆம் ஆண்டில் தன் முதல் நூலகரை நியமித்தது. அந்தப் பதவிக்கு ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர் என்பர். அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவருமில்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அரங்கநாதன் தேர்ந்தெடுக்கப்பெற்று, இலண்டன் சென்று பயின்று திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. 1929இல் அச்சங்கம் தொடங்கிய பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகமே 1931இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூல்கள் சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது அரங்கநாதன் வகுத்த நெறிகளில் ஒன்று. அவருடைய தொண்டினை எவரும் குறைத்துரைக்க இயலாது.

ஆயினும் பயிற்சிக்குத் தகுதி, கல்வி. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பட்டதாரிகளுள் பெரும்பகுதியினர் பிராமண சமூகத்தினர். ஆகவே புதிதாய்ப் பிறந்த இத்தொழிலும் இயல்பாகவே அவர்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. எவரும் சதி செய்யவில்லை. கல்வி எங்கே குவிந்திருந்ததோ அங்கேயே பதவியும் குவிந்தது, அவ்வளவே. இதனைச் சீர்செய்யவே வகுப்புவாரி ஆணை 1921இல் பிறந்து 1928 முதல் நடைமுறைக்கு வந்தது.

1948ஆம் ஆண்டில் கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. நூலக வரியும் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் அதன் வழி வந்தவை. 1896இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1950இல் மாநில மைய நூலகமாயிற்று. வாசகனுக்குக் கதவு திறந்த வரலாறு இது.

இனச்சுழற்சியின் கணக்கு

நாற்காலிக்கான கதவு வேறு. அதன் பெயர் இனச்சுழற்சி. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 69 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கீட்டுக்கு உரியவை. அதற்கான சட்டத்தைக் காக்க 1994ஆம் ஆண்டில் அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. இக்கணக்கு 200 இடங்கள் கொண்ட ஒரு சக்கரமாகச் சுழல்கின்றது. அந்த 200இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40, ஆதி திராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2, பொதுப் போட்டிக்கு 62. ஒவ்வொரு பிரிவிலும் மகளிருக்குப் பங்கு உண்டு.

பெரிய துறைகளில் இச்சக்கரம் விரைந்து சுழலும். ஆசிரியர் பணிக்கு ஓர் ஆண்டில் ஆயிரம் பேரை எடுத்தால், ஐந்து முறை சுற்றி வந்துவிடும். நூலகத் துறையோ சிறியது. ஒரு நூலகப் பிரிவில் ஆண்டுக்கு ஐந்து பேரே நியமிக்கப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 200 இடங்களும் ஒரு சுற்று வந்து முடிய நாற்பது ஆண்டுகள் ஆகும். அந்த நாற்பது ஆண்டுகளில் பழங்குடியினருக்கு வரும் முறை இரண்டே. நம் திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளில் வாழும் இருளர் வீட்டுச் சிறுமி, தன் இனத்தைச் சேர்ந்த ஒரு நூலகரைக் காணாமலே பாட்டியாகிவிடக்கூடும். சட்டம் பொய் சொல்லவில்லை. ஆனால் நியமனமே இல்லாதபோது சக்கரம் எங்ஙனம் சுழலும்?

காலியிடத்தைக் காலியாகவே விட்டுவைப்பது எல்லார்க்கும் இழப்பு; முதல் தலைமுறையாகப் படித்து வருவோருக்கு இரட்டிப்பு இழப்பு. அரசுப் பள்ளிகள் பலவற்றில் தனி நூலகர் இல்லை. ஆசிரியர் ஒருவரே அலமாரிச் சாவியைக் கூடுதல் பொறுப்பாக வைத்திருக்கிறார். நியமனம் நடந்த இடத்திலும் வேறொரு குறை. ஊர்ப்புற நூலகர்கள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, பின்னர்ச் சிறப்புக் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்பட்டார்கள். முறையான காலமுறை ஊதியம் வேண்டி அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அதில் அமர்பவர் குடும்பம் நடத்தும் வழியைக் கொடாமலிருப்பது முழு நீதியாகுமா?

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பெரியப்பா மகன் ஒருவன், சித்தப்பா மகன் ஒருவன் என்று இரு இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே தெரு, ஒரே பள்ளி. இருவருமே நூலக அறிவியல் சான்றிதழ் பெற்றவர்கள். இருவரின் பாட்டனாரும் ஒரே சேரியிலிருந்து பிழைப்புத் தேடி ஆவடிக்கு வந்தவர். பெரியப்பா குடும்பம் இந்துவாகவே இருக்கின்றது. சித்தப்பா குடும்பம் திருமுழுக்குப் பெற்றது. நூலகர் பணிக்கு இருவரும் விண்ணப்பிக்கின்றனர். முதல்வன் ஆதி திராவிடர் என்ற பிரிவில் போட்டியிடுவான். இரண்டாமவனோ பிற்படுத்தப்பட்டோர் பிரிவில், பல தலைமுறைகளாக நிலமும் கடையும் கல்வியும் உடைய சமூகத்தினரோடு போட்டியிட வேண்டும்.

இதற்குக் காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த அவ்வாணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் விரிவாக்கப்படவில்லை. பழங்குடியினருக்கோ இத்தடை இல்லை. அவர்கள் எச்சமயத்தைத் தழுவினும் பழங்குடியினரே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இச்சமயத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. ஆராய்வதற்கென நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மத்திய அரசு மற்றோர் ஆணையத்தை அமைத்தது. தமிழக சட்டமன்றம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தடையை நீக்குமாறு மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. சமயம் மாறியதும் சாதி இழிவு நீங்கிவிட்டது என்று சட்டம் கருதுகின்றது. தெருவும் அப்படிக் கருதுகின்றதா என்பதை நாம் அறிவோம்.

கடல் கடந்த பாடம்

மற்றொரு நாடு இதே சிக்கலை எங்ஙனம் அணுகியது என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1905ஆம் ஆண்டு கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கிளை நூலகம் தோன்றியது. அதன் பொறுப்பை ஏற்ற தாமஸ் ஃபவுண்டன் புளூ என்னும் கறுப்பினத்தவர், தம் மக்களில் இளையோரைத் தேர்ந்து நூலகப் பயிற்சி அளித்தார். ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில் 1925இல் கறுப்பின நூலகர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி 1939 வரை நடந்தது. அந்த 1939ஆம் ஆண்டிலேயே அலெக்சாந்திரியா என்னும் ஊரில், வெள்ளையருக்கே உரியதாயிருந்த பொது நூலகத்தினுள் ஐந்து கறுப்பின இளைஞர்கள் சென்று அமைதியாக அமர்ந்து படித்தனர். அவர்கள் கைது செய்யப்பட்டனர். பின்னர் நகராட்சி செய்தது யாது? அந்நூலகத்தைத் திறந்துவிடவில்லை, அம்மக்களுக்கென வேறொரு சிறு நூலகத்தைக் கட்டிக் கொடுத்தது! தனிக் கிணறு, தனிச் சுடுகாடு அறிந்த நமக்கு இது விளங்காமற் போகாது.

ஜார்ஜியா மாநிலத்தில் கல்லூரி நூலகராயிருந்த ஈ. ஜே. ஜோசி என்பாருக்கு அம்மாநில நூலகச் சங்கம் கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுத்தது. படித்தவர், பதவியில் இருப்பவர். ஆயினும் சங்கத்தின் வாயில் அடைப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் அவர் எழுந்து, நிறம் பார்த்து உறுப்பினரைத் தள்ளும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களில் நம் சங்கப் பொறுப்பாளர் கலந்துகொள்ளலாகாது என்று தீர்மானம் கொண்டுவந்து வென்றார். 1970இல் கறுப்பின நூலகர்களுக்கென ஓர் அமைப்பு உருவாக முன்னின்றார். 1984இல் அந்தத் தாய்ச் சங்கத்துக்கே தலைவரானார். 1997இல் அச்சங்கம் சிறுபான்மை இனங்களின் மாணவர் நூலகவியல் பயில்வதற்கென உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று: கதவைத் திறப்பதற்குச் சட்டம் போதும், நாற்காலியை நிரப்புவதற்குப் பயிற்சியும் உதவித்தொகையும் விடாமுயற்சியும் வேண்டும்.

நம் கையில் இருப்பது

ஆணையங்களும் நீதிமன்றங்களும் தம் வேலையைச் செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் உண்டு. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினராகிய நமக்குக் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளித்துள்ளது. நம் பள்ளி, கல்லூரிகளில் நூலகரை நியமிக்கும்போது இனச்சுழற்சி நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. இந்தச் சுதந்திரத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? காலியிடத்தை எல்லாரும் அறிய விளம்பரம் செய்கிறோமா? அல்லது தெரிந்தவரின் தெரிந்தவர் என்று காதோடு காதாக முடித்துவிடுகிறோமா? நம் நூலகங்களைப் பெருக்குபவர் எந்தத் தெருவினர், பதிவேட்டில் கையொப்பமிடுபவர் எந்தத் தெருவினர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டென்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட குறை, நியமன ஆணையிலன்றோ திருத்தப்பட வேண்டும்?

இதற்கு முன்மாதிரி தேடி நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. தொடக்கத் திருச்சபையில் நடந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? இனிமேல் கவனமாகப் பரிமாறுங்கள் என்று பழைய ஆட்களுக்கே புத்தி சொல்லி அனுப்பிவிடவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்குமாறு சபையாரிடம் சொல்லி, அவர்களிடம் அப்பொறுப்பையே ஒப்படைத்தார்கள். முடியப்பர் என்று நாம் வணங்கும் ஸ்தேவான் முதலாக அந்த எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே! பந்தியில் விடுபட்டவர்களின் மக்களே பரிமாறும் இடத்துக்கு வந்தார்கள். குறை தீர்ந்தது, சபையும் வளர்ந்தது.

பெற்றோரும் சிந்திக்க வேண்டியதுண்டு. பொறியியல், செவிலியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி என்று பிள்ளைகளுக்கு வழி காட்டுகிறோம். நூலக அறிவியலை எத்தனை பேர் நினைக்கிறோம்? பள்ளிப் படிப்பு முடித்தோருக்குச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. பட்டதாரிகள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வாயிலாக வேலை பார்த்துக்கொண்டே நூலகவியல் பட்டம் பெறலாம். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நூலகப் பணிகளுக்கெனத் தேர்வு நடத்துகின்றது. பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையோ இளைஞர் மன்றமோ ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் இப்படிப்புக்கு உதவித்தொகை அளிக்கலாம்; அதிலும் முதன்முதலாகப் படிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு முதலிடம் தரலாம்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பதை நாம் அறிவோம். அங்கே விரல்களால் தடவிப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பணியிடங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு உரிய நான்கு விழுக்காட்டில் பங்கு உண்டு. பிரெயில் எழுத்தை அறிந்த ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தால், அந்தப் பள்ளியின் பிள்ளைகள் நூலகத்துக்குள் வரத் தயங்குவார்களா?

அடுத்த முறை உங்கள் மகளையோ மகனையோ நூலகத்துக்கு அழைத்துச் செல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை முதலில் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. புத்தகத்தை நீட்டுபவரின் முகத்தைத்தான் பார்க்கின்றது. தன் தெருவின் முகம், தன் பேச்சின் ஒலி அங்கே இருந்துவிட்டால், “நானும் ஒரு நாள் இங்கே அமரலாம்” என்னும் எண்ணம் அந்தச் சிறு உள்ளத்தில் விழுந்துவிடும். நாம் கொடுக்கும் வரியில் அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு. அது எல்லார் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கின்றதா என்று கேட்பது நம் உரிமை. நம் கையில் உள்ள நாற்காலிகளை அவ்வுயரத்தில் வைப்பது நம் கடமை.